கையொப்பம் இருந்தது, நான் இல்லை

பதினாறு வருடங்களாகக் கள்ளக் கையொப்பம் வைத்தவன் நான். என் சொந்தக் கையொப்பம்தான்... ஆனாலும் கள்ளம்.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தேன். எங்களைப் போன்றவர்கள் புதிதாக வந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்று வருடந்தோறும் செமினார் வைப்பார்கள். காலையில் ஒரு கையொப்பம், பின்னேரம் ஒன்று. இரண்டும் இருந்தால் சான்றிதழ். நான் இரண்டையும் காலையிலேயே வைத்துவிடுவேன் — நேரத்தின் அருமை தெரிந்தவன் அல்லவா?

முதல் உரை, எண்ணெய்ப் பலகாரத்தின் கேடுகள் பற்றி. அது முடிந்ததும் இடைவேளை: எண்ணெயில் பொரித்த பட்டிஸ், ரோல்ஸ், சீனி தாராளமாகப் போட்ட டீ. இந்தப் பாடத்தை மட்டும் நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. பிறகு மார்க்கெட் பக்கம் நழுவிவிடுவேன். வீட்டுச் சுவரில் பதினாறு சான்றிதழ்கள், கண்ணாடிச் சட்டத்தோடு. வருகிறவர்கள் மெச்சுவார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

இப்படி அறிவை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மாரியாயி கிளினிக்குக்கு வந்தார். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; மாத்திரை தொடங்கியிருந்தார்கள். என்னிடம் ஒரு தாள் உண்டு — போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. காலையில் ரொட்டியும் கூடாது, சோறும் கூடாது, சீனியில்லாத பிளேன்டீ மட்டும் என்று போட்டிருக்கும். அதைக் கொடுத்து அனுப்பினேன்.

சொன்னதைச் செய்யாத நோயாளிகளையே பார்த்துப் பழகியவன் நான். மாரியாயி சொன்னதைச் செய்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலைக்குப் போனார். பத்து மணிக்குள் சீனி இறங்கி, மயங்கி, சரிவில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு வந்து என்னிடமே மன்னிப்புக் கேட்டார். "நீங்க சொன்னபடிதாங்க ஐயா இருந்தேன். நான்தான் எங்கயோ பிசகிட்டேன் போல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமே கவனமா இருங்க."

அவர் போனதும் பக்கத்து மேசை ரிஸ்னா — என்னிடம் வேலை பழகிய இளம் ஆலோசகர் — மெதுவாகக் கேட்டார்: "மாத்திரை போடுறவங்க காலையில பட்டினி இருக்கவே கூடாதுன்னு போன செமினார்ல பின்னேரம் முழுக்க அதைத்தானே பேசினாங்க, சேர்? நீங்க பின்னேரமும் சைன் வச்சிருந்தீங்களே?"

அதற்குப் பிறகு மாரியாயி கண்டிக்கு வரவில்லை. நான் ஓய்வு பெற்றேன். அந்தக் 'கவனமா இருங்க' மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் ஒரு செமினாருக்குப் போனேன். இந்த வயதில் எனக்குப் பதவி உயர்வா வரப்போகிறது? காலையிலிருந்து கடைசிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை. புதிய தாள்களை வாங்கிக்கொண்டு மறுநாள் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன்.

தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான மாரியாயியின் லயக் காம்பராவில் பழைய தாள் சுவரில் ஒட்டியிருந்தது, என் வீட்டுச் சான்றிதழ்களைப் போல. எல்லாவற்றையும் சொன்னேன். பிசகியது நான்தான், படிக்கப் போன இடத்தில் ரோல்ஸ் தின்றுவிட்டு ஓடி வந்தவன் என்றேன்.

கோணிப்போன மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"நல்ல தாளுன்னு டவுன்ல கொப்பி அடிச்சு இந்த லயத்துல ஏழு பேருக்குக் குடுத்தேங்க. எல்லாரும் மாத்திரையப் போட்டுக்கிட்டு வெறும் டீயோடதான் மலைக்குப் போறாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

ஏழு வாசலிலும் அதே வாக்குமூலம். மூன்றாவது வீட்டில் சிரித்தார்கள். ஐந்தாவது வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எல்லாத் தாள்களையும் நானே கிழித்தேன்.

கிழித்து முடித்து, பையிலிருந்து புதியவற்றை எடுத்தேன். மாரியாயி குறுக்கே கையை நீட்டினார் — அந்தக் கோணிய கையைத்தான்.

"இதச் சொல்லிக் குடுத்தப்ப கடைசிவரைக்கும் இருந்தீங்களா ஐயா?"

இருந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டார்.

பதினாறு சான்றிதழ் கொடுத்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது.