அக்கா வேண்டிக்கொண்ட தோல்வி

பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைவரை போகும், திரும்பும், எங்கள் வாசலில் கொஞ்சம் நிற்கும், மறுபடி போகும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நெட் சென்டரில் நான் வேலை பார்த்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. செருப்பைப் பார்த்ததுமே அக்கா என்று தெரிந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். நைட் ட்யூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறாள். துடைப்பத்தோடு போய் ஷட்டரைத் தூக்கியதும் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “கூட்டுனது போதும்டி. மொதல்ல மெஷினப் போடு” என்றாள்.

கம்ப்யூட்டர் உயிர்பெற்று, லைன் கிடைத்து, அக்கா பார்க்க வந்த இணையப் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. கரீபியன் தீவுகளின் கிளப் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டியின் முடிவுகள். ஒவ்வொரு தீவிலும் முதலாக வந்த அணிகள் ஆடும் போட்டி அது. அத்தான் வேலை பார்த்த அணி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தது. “அக்கா, ஜெயிச்சாச்சு!” என்று நான் கத்தியேவிட்டேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கெட்ட சேதி சொல்லப் போகிறவளின் முகம் அவளுக்கு. “நல்லாப் பாருடி. வேற டீமா இருக்கும்” என்றாள். நான் திரும்பவும் படித்துக் காட்டினேன். “தோத்துரும்னுல்ல இருந்தேன்” என்று முணுமுணுத்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. புருஷனின் அணி தோற்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள் அக்கா.

அத்தான் திண்டுக்கல்லில் பேர்பெற்ற கோல்கீப்பர். தொண்ணூறுகளில் கோடை விடுமுறை நாக்அவுட் போட்டிகளுக்கு நத்தம், வத்தலக்குண்டு பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். அவர் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றால் மைதானத்தில் அந்த முனையில்தான் கூட்டம் சேரும். ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தார். வேலை நிரந்தரமில்லை. கல்யாணமான புதிதில் அக்காவுக்குக் கால்பந்து பற்றித் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தான் வீங்கிய விரல்களோடு வருவார், தான் அவற்றை நேராக்கிக் கட்டுப்போட வேண்டும் என்பதுதான். எங்கள் பங்குக் கோயிலில் முன்பு பாதிரியாராக இருந்த சாமியார் ஒருவர் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவுக்கு மாறிப் போயிருந்தார். அவர்தான் அங்கே அவருடைய சபை நடத்திய பள்ளிக்கு அத்தானைக் கூப்பிட்டார். மகள் அப்போது கைக்குழந்தை. மூன்று வருட ஒப்பந்தம். சாயங்காலங்களில் சும்மா இருக்க முடியாமல் அத்தான் அந்த ஊர் கிளப் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்துவிட்டது.

மூன்றாம் வருடம் முடியும் நேரத்தில்தான் அந்தப் போட்டி வந்தது. கிளப் தலைவர் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அரையிறுதியைத் தாண்டிவிட்டால் அடுத்து மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பெரிய அணிகளோடு மோத வேண்டியிருக்கும். அதற்காக இன்னும் இரண்டு வருடம் முழு நேரமாக அவரை வைத்துக்கொள்வார்கள். இதை அத்தான் போனில் சந்தோஷமாகச் சொன்னார். அக்காவும் “நல்லதுங்க” என்றுதான் சொன்னாள். அக்காவும் குழந்தையும் அப்போது இருந்த எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் குழந்தை “அப்பா அடிக்குது” என்று ஓடும். ரிசீவரைத்தான் அது அப்பா என்று நினைத்திருந்தது. வேறு யாராவது பேசினால் முகம் கோணி அழும். இன்னும் இரண்டு வருடம் என்பதை அக்கா அந்த முகத்தை வைத்துத்தான் அளந்தாள்.

அந்த வாரங்களில் அவள் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்துபோய்க் காலண்டரைப் பார்ப்பாள். தூங்கப் படுத்தவள் பத்து நிமிஷத்தில் எழுந்து துணி மடிப்பாள். “இவளுக்குக் கால்ல சக்கரமா கட்டிருக்கு?” என்று அம்மா திட்டுவாள். என்னை உட்கார வைத்து உலகப்படத்தில் அந்தத் தீவுகளைத் தேடச் சொன்னாள். கடலில் சிந்திய கடுகு மாதிரி கிடந்தன. எங்கே புயல் அடிக்கிறது, எங்கே விமானம் ரத்தாகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. ஒரு ஆட்டத்துக்கு அணி போய்ச் சேர்ந்தும் பெட்டிகள் வந்து சேரவில்லையாம்; உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளை இரவல் வாங்கி, பிதுங்கப் பிதுங்க மாட்டிக்கொண்டு ஆடினார்களாம். அத்தான் போனில் இதைச் சொன்னதும் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, “பாவம்டி” என்றாள்.

அந்த அணியில் யாருக்கும் கால்பந்து பிழைப்பு இல்லை. ஒருவன் முடி வெட்டுகிறவன், ஒருவன் துறைமுகத்தில் குமாஸ்தா. கோல்கீப்பர் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் ரொட்டி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மத்தியானம் பயிற்சிக்கு வருவான். அத்தான் போனில் அதிகம் பேசியது அவனைப் பற்றித்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பந்தைக் கைநழுவ விட்டுவிட்டு, உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதானாம். “அழுதானா? எம்புட்டு வயசு?” என்று அக்கா கேட்டாள். அன்று முழுக்க அதையே என்னிடமும் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தோற்க வேண்டும் என்ற வேண்டுதலை மட்டும் அவள் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் மெழுகுவத்தி வாங்கினாள்.

அரையிறுதி அன்று அவள் காலையிலேயே வந்துவிட்டாள். பக்கம் திறந்தது, முடிவு வரவில்லை. வெளியே போய் டீ வாங்கினாள், குடிக்காமல் வைத்தாள். திரும்பப் பார்த்தோம், வரவில்லை. நெட்டில் வேலைக்கு விண்ணப்பம் போட வந்த பையன்கள் கடையில் சேர ஆரம்பித்திருந்தார்கள். “இந்த மெஷின் மட்டும் ரிப்பேருன்னு சொல்லு” என்றாள். கடைசியில் வந்தது. ஒன்றுக்கு ஒன்று, பெனால்டியில் அத்தானின் அணி தோல்வி. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் குவித்து உதட்டில் வைத்துக்கொண்டாள், சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்து வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்று தேம்பத் தொடங்கினாள். “நீ கேட்டதுதானக்கா நடந்திருக்கு” என்றேன். “அவன் மறுபடி அழுதிருப்பான்டி” என்றாள்.

சாயங்காலம் அத்தான் கூப்பிட்டார். “தோத்துட்டோம்மா” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. அக்கா எதையும் மறைத்து வைக்கத் தெரியாதவள். “நான்தான் வேண்டிக்கிட்டேன். மொத ஆட்டத்துலேருந்து. நீங்க வரணும்னுதான்” என்று கொட்டிவிட்டாள். அத்தான், “பந்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்றார்.

அவர் வந்து இறங்கிய அன்று குழந்தை அவரிடம் போகவில்லை. கொஞ்ச நாளில் போனது. அதெல்லாம் சரியாகிவிட்டது. அத்தான்தான் சரியாகவில்லை. பழைய பள்ளியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தார். வத்தலக்குண்டு பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை கிடைத்தது, தினம் பஸ்ஸில் போய்வந்தார். வீட்டுக்கு வந்தால் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடப்பார். சாப்பிடும்போது வலது கை சோற்றில் இருக்கும், இடது கை விரல்கள் மடங்கி விரியும், எதையோ பிடிப்பதுபோல. அக்கா இதையெல்லாம் கவனித்தாள். அடுத்த வருடம் போட்டி நேரத்தில் ஒருநாள் நெட் சென்டருக்கு வந்து, “அந்த வேன்காரன் இன்னும் நிக்கிறானா பாரு” என்றாள். அவன் பெயர் இருந்தது. அதை வீட்டில் போய்ச் சொன்னபோது அத்தான் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா வீட்டில் இருந்தேன். கோயிலில் பூசை முடிந்து வந்திருந்தோம், அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் பின்வாசலுக்குப் போய்த் திரும்பினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “போங்க. திரும்பப் போயிருங்க. நான் சாமியார்கிட்டப் பேசுறேன். இப்பிடி நீங்க நடக்குறதப் பாக்க என்னால ஏலல. நான் வேண்டி இழுத்துட்டு வந்துட்டேன்னுதான இம்புட்டும்?”

அத்தான் நின்றார். “நீ இழுத்துட்டு வரல” என்றார். “அரையிறுதிக்கு மொத நாளே தலைவர்கிட்டச் சொல்லிட்டேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் ஊருக்குப் போறேன்னு.”

அக்கா அவரையே பார்த்தாள். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஜெயிச்சா மனசு மாறிருமோன்னு எனக்கே பயம். உங்கிட்டச் சொல்லிட்டு அப்புறம் வராமப் போனா?” யாரையும் பார்க்காமல் சொன்னார்: “அவன்கிட்ட மட்டும் சொன்னேன். அந்த வேன்காரப் பையன்கிட்ட. ஆட்டத்தன்னைக்குக் காலைல. ஒளிச்சு வைக்க மனசு வரல. சொன்னதுலேருந்து அவன் பேசவே இல்ல. பெனால்டில ஒண்ணுகூடப் பிடிக்கல. ஆட்டம் முடிஞ்சு சொல்லிருக்கலாம்.”

அந்த அடுப்படியில் நான் பார்த்தது இன்றும் எனக்கு வியப்புத்தான். உலகத்தின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே தோல்வியின் பழியை அவரவர் தலையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டைக் கழுவி வைத்து, அந்தப் பாரத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவரைக் கையோடு நெட் சென்டருக்குக் கூட்டி வந்து நிறுத்தினாள். “அந்தப் பையனக் கூப்புடுடி” என்றாள்.

சாமியார் மூலம் பேக்கரி நம்பரை அதற்குள் அவளே வாங்கி வைத்திருந்தாள். நெட் போனில் நம்பரைப் போட்டு ஹெட்போனை அத்தான் காதில் மாட்டிவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் திக்கித் திணறி அந்தக் காலையைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது. அக்கா பொறுக்காமல் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்களிடம் பேசும் அதே துண்டு ஆங்கிலத்தில், நீங்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது நான்தான், மன்னித்துக்கொள் தம்பி என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது எனக்கே கேட்டது. அவன் சொன்னதை அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவன் அம்மாவும் ஜெயிக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டே இருந்தாராம். தரை ஈரம், கால் வழுக்கியது, எதிராளிகள் நன்றாக அடித்தார்கள், அவ்வளவுதானாம். மாஸ்டர் போகிறார் என்று காலையில் வருத்தமாக இருந்தது உண்மை, மைதானத்தில் இறங்கிய பிறகு அது ஞாபகமே இல்லையாம்.

அவன் சொன்னது முழு உண்மையா, மாஸ்டருக்காகச் சொன்னதா என்று அத்தானுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. நடப்பதும் அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. அந்தத் தீவுக்கு அவர் திரும்பப் போகவே இல்லை. வேன்காரன் பிறகு அங்கேயே சொந்தமாகப் பேக்கரி வைத்தான். கிறிஸ்துமஸ் தோறும் அக்காவைத்தான் கூப்பிடுவான், மாஸ்டரை அப்புறம்தான் கேட்பான்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன மாதம் திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் தங்கினேன். அவளுக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். விடிகாலையில் பேச்சுக் குரல் கேட்டு எழுந்து வந்தால், வெளிக்கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே அத்தான் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார். அக்கா கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். மேசைமேல் செம்பில் சாய்த்து வைத்த செல்போனில் ஏதோ ஒரு தீவின் மைதானம், மஞ்சள் சட்டைகள். அந்த அணிதான், ஆட்கள் எல்லாரும் புதுசு. பெனால்டிக்கு வந்திருந்தது. அவள் வாசற்படி வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள். “இப்ப எதுக்குக்கா வேண்டிக்கிற? ஜெயிக்கவா, தோக்கவா?” என்று கேட்டேன்.

“பேசாம இருடி, பந்த வச்சுட்டான்” என்றாள்.