இன்னும் ஒரு கால் சுற்று

முதலில் கண்ணில் படுவது பூட்ஸ்தான். யாருடைய டிரெய்லருக்கு அடியிலிருந்தாவது இரண்டு பழைய பூட்ஸ் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால், மறுமுனையில் ஆர்லன் நைகார்ட் இருக்கிறார் என்று அர்த்தம். டிரெய்லர் அவருடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் இருக்காது. சொந்தக்காரர் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டுக்கு அடியில் இந்தக் கிழவர் என்ன செய்கிறார் என்று புரியாமல் பீர் குடித்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, இந்த ஜாக்கிய எவன் இவ்வளவு ஏத்தினது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"ஆடாம இருக்கத்தான்."

"ஜாக்கி தாங்கறதுக்கு. தூக்கறதுக்கு இல்ல. தூக்கினா அடிச்சட்டம் முறுக்கிக்கும். நான் இறக்கறேன், நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

தம்பி அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிறவர். பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவார். ஆர்லனிடம் வாதம் பண்ணி ஜெயித்தவர் இந்த டிரெய்லர் பார்க்கில் கிடையாது. அவர் பதில் பேசமாட்டார், திருகிக்கொண்டே இருப்பார்.

யூமா என்ற பாலைவன நகருக்கு வெளியே, சரளைக்கல் பரப்பிய எங்கள் பார்க்கில் குளிர்காலம் முழுக்க இதுதான் நடக்கிறது. வடக்கே பனி விழ ஆரம்பித்ததும் வீட்டைப் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு வந்து சேருவோம். இங்கே வெயில் விரட்டினால் திரும்பிப் போவோம். நான் அயோவாக்காரி, பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்ந்தவள். ஆர்லனும் அவர் மனைவி லவானும் வடக்கு டகோட்டா. என் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டு அடுப்பு தெரியும். இதை எழுத எனக்கு அந்தத் தகுதி போதும்.

அவர்களுடைய டிரெய்லர் பெரிய ரகம். பிக்கப்பின் பின்தொட்டிமேல் மூக்கை நீட்டி ஏறி உட்கார்ந்தபடி வரும். வந்து நிறுத்தி, பிக்கப்பைக் கழற்றி நகர்த்திவிட்டால் மூக்கு அந்தரத்தில் நிற்கும். முன்னால் இரண்டு இரும்புக் கால், நடுவில் சக்கரம், பின்னால் இரண்டு ஜாக்கி, அவ்வளவுதான் பிடிமானம். அந்த மூக்குக்குள்தான் படுக்கையறை. பின்கோடியில் அடுப்பு. அடுப்படியில் ஒருவர் தும்மினால் மூக்கில் படுத்திருப்பவருக்கு ஆடும். நாங்கள் எல்லோரும் இந்த ஆட்டத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறோம். ஆர்லனுக்கு மட்டும்தான் ஆகாது.

அதற்குக் காரணம் உண்டு. தானியக் கிடங்குகளில் லாரியை ஏற்றி எடை போடும் மேடைகள் இருக்கின்றனவே, அவற்றைச் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். மேடை துளி சாய்ந்திருந்தாலும் முத்திரை கிடையாது. உத்தியோகம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மற்ற ஆண்கள் சட்டைப் பையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் விரல் நீள ரசமட்டம் ஒன்று வைத்திருக்கிறார். உணவகத்தில் மேஜை ஆடினால் அடியில் போய்விடுவார். காகிதக் கைக்குட்டையை மடித்துக் காலுக்கு வைத்து, எழுந்து, குமிழியைப் பார்த்து, மறுபடி குனிவார். கோழி வறுவல் ஆறிக் கல்லாகிவிடும். மேஜை ஆடாது.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு, "பரவால்ல." மகள் டானா பிறந்தபோது தொட்டிலைப் பார்த்து, "பரவால்ல" என்றாராம். "கல்யாண டிரெஸ்ல என்னைப் பாத்துட்டும் அதேதான் சொன்னான். பாதிரியார் முன்னாடி" என்று லவான் சொல்வாள். பரவாயில்லை என்றதோடு விட்டாலாவது பரவாயில்லை. ஒரு நிமிஷம் யோசித்து, "இன்னும் ஒரு கால் சுத்து வச்சுப் பாக்கலாமா" என்பார். ஜாக்கியைத்தான் சொல்கிறேன், லவானை அல்ல.

சோதனைக்கு ஒரு முறை வைத்திருக்கிறார். கண்ணாடி டம்ளரில் விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி அடுப்படி மேடையில் வைப்பார். பிறகு டெல்பர்ட் ப்ரோகாப்பை உள்ளே நடக்கவிடுவார். டெல்பர்ட் நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். அவர் உட்காரப் போனால் நாற்காலி யோசிக்கும்.

"யோவ், என்னை மனுஷனாவே மதிக்கமாட்டேங்கிறே. எடைக்கல்லுன்னு நெனச்சியா?"

"எடைக்கல்லு பேசாது. நட."

"லவான் பன் சுட்டாளா, இல்லையா? அதச் சொல்லு முதல்ல."

பட்டை போட்ட பன் அடுப்பில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் டெல்பர்ட் காலை எடுத்து வைப்பார். டம்ளரில் தண்ணீர் நடுங்கும். ஆர்லன் முகம் சுருங்கும்.

சென்ற குளிர்காலம் வரை இதெல்லாம் விளையாட்டுதான். இந்தக் குளிர்காலத்தில் விளையாட்டு இல்லை.

லவானுக்கு உள்காதில் கோளாறு. சொல்லாமல் கொள்ளாமல் தலை சுற்றும். கோடையில் ஃபார்கோவில் மகள் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். டானா ஒரே பிள்ளை. பல் மருத்துவர் ஒருவரிடம் நிர்வாகம் பார்க்கிறவள். எதையும் நாள் குறித்துச் செய்கிறவள். அவள் கண்டுபிடித்த காரணம் டிரெய்லர். "வருஷத்துல பாதி நாள் ஆடற டப்பாக்குள்ள இருந்தா தலை சுத்தாம என்ன பண்ணும்?" என்றாள். தன் தெருவிலேயே ஓர் அபார்ட்மெண்ட் பார்த்துவைத்துவிட்டாள். பிப்ரவரியில் தானே வந்து பார்ப்பதாகவும், அப்போதும் ஆடினால் டிரெய்லரை விற்றுவிட்டு இருவரும் தன்னோடு கிளம்பவேண்டும் என்றும் அப்பாவிடம் சொன்னாள். ஆர்லன் தலையாட்டிவிட்டார்.

லவானை யாரும் கேட்கவில்லை. துணி துவைக்கும் அறையில் என்னிடம் சொன்னாள்: "இர்மா, அந்த அபார்ட்மெண்ட்ல ஜன்னலத் திறந்தா கார் நிறுத்துற இடம். எனக்குப் போக இஷ்டமில்ல. போயிட்டா திரும்பி வரமாட்டோம்." சொல்லிவிட்டுத் மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போகக்கூடாது என்று எனக்கும் இருந்தது. அவர்கள் போய்விட்டால் என் ஜன்னலுக்கு எதிரே யார் வருவார்கள் என்ற சுயநலமும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

ஆர்லன் போர் தொடுத்தார். மூக்குக்கு அடியில் கனத்த இரும்பு முக்காலி வந்தது. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் திருகி இறுக்கும் முட்டுக்கட்டை வந்தது. ஜாக்கிகளுக்குக் குறுக்கே கம்பிகள், அடிச்சட்டத்துக்குக் கூடுதலாகச் சின்ன ஜாக்கிகள். காலையில் குளிரில் இரும்பு சுருங்குகிறது என்று ஒரு கால் சுற்று. மதியம் வெயிலில் சரளை இளகுகிறது என்று ஒரு கால் சுற்று. சாயங்காலம் எல்லோரும் கூடி ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சாப்பிடும் நேரத்தில்கூட, தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய் ஒரு கால் சுற்று வைத்துவிட்டு வந்தார்.

ஜனவரி கடைசியில் டெல்பர்ட் அடுப்படியிலிருந்து மூக்கு வரை நடந்தார். தண்ணீர் அசையவில்லை. குதித்தார். அசையவில்லை. ஆர்லன் வெகுநேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றார்.

லவான் பன் தட்டை டெல்பர்ட் பக்கம் தள்ளினாள். அந்த நாட்களில் அவள் முகம் வெளுத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். மகள் வருகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

டானா வந்த அன்று லவான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். ஆர்லன் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வெளியே நின்றார். வாடகைக் கார் தெருமுனையில் திரும்பியது. அவர் கை தானாகப் பின் ஜாக்கியின் கைப்பிடிக்குப் போனதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு கால் சுற்று.

உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

டானா இறங்கி, அப்பாவைக் கட்டிக்கொண்டு, படியேறிக் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. ஆர்லன் இழுத்தார். டெல்பர்ட் வந்து இழுத்தார். கைப்பிடி அவரோடு வந்துவிட்டது. கதவு அங்கேயே இருந்தது. நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கதவின் மேல்மூலையில் நிலை கோணலாக அழுத்திக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

அடுப்படி ஜன்னல் திறந்தது. லவானின் தலை வந்தது.

"வா கண்ணு. காபி ரெடி. கதவுதான் ரெடியில்ல."

"அம்மா! நீ உள்ள மாட்டிக்கிட்டியா?"

"நான் மாட்டல. கதவு மாட்டிக்கிச்சு. டெல்பர்ட், இந்தா, நீ பன்ன ஜன்னல் வழியாவே வாங்கிக்கோ."

டெல்பர்ட் வாங்கிக்கொண்டார். டானா அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நெருப்புப் பிடிச்சிருந்தா? அம்மாவுக்குத் தலை சுத்தி விழுந்திருந்தா? நான் எதுக்குப் பயந்தேனோ அது இதுதான். போதும்ப்பா. வித்துடலாம்."

ஆர்லன் எப்போதும் பேசாதவர்தான், ஆனால் அன்று கையில் திருக ஒன்றுமில்லாமல் நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆர்லன்" என்றாள் லவான் ஜன்னலிலிருந்து. "ஜாக்கி எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். பார்க்ல எல்லாரையும் கேக்கறியே. எதுக்கு?"

"தாங்கறதுக்கு."

"நீ என்ன பண்ணியிருக்கே?"

டெல்பர்ட் மெல்லுவதை நிறுத்தினார். "தூக்கியிருக்கேன்" என்றார் ஆர்லன்.

"அப்ப இறக்கு."

இஸ்திரிச் சட்டையோடு சரளையில் மல்லாந்து படுத்தார். பூட்ஸ் மட்டும் வெளியே. பின் ஜாக்கி இறங்கியது, கூடுதல் ஜாக்கிகள் ஒவ்வொன்றாக வந்தன. இரும்பு முனகியது. கடைசியில் முக்காலியையும் இழுத்துப் போட்டார். கைப்பிடி இல்லாத கதவு தானாகத் திறந்து மெல்ல ஆடியது.

டானா படியில் கால் வைத்ததும் முழு வீடும் குலுங்கியது. மேடையில் ஆர்லன் காலையிலேயே ஊற்றிவைத்திருந்த டம்ளர் தளும்பி வழிந்தது.

"பாத்தியாம்மா? ஆடுது."

"ஆடட்டும். உக்காரு." லவான் துணியால் தண்ணீரைத் துடைத்தாள். "நான் விழுந்தது எங்க? உன் வீட்டுக் கூடத்துல. எவ்வளவு பெரிய கூடம்! கை நீட்டினா ஒண்ணும் கிடைக்கல. இங்க பாரு, விழணும்னு நெனச்சாலும் இடமிருக்கா?"

டானா சுற்றிப் பார்த்தாள். இல்லைதான்.

"இன்னொண்ணு சொல்றேன், உங்கப்பாவும் கேக்கட்டும். மூக்குல படுத்திருப்பேன். இந்த மனுஷன் காலைல எழுந்து அடுப்புக்கு வர்றது என் முதுகுக்குத் தெரியும். நிக்கறான், திரும்பறான், கெட்டில வைக்கறான். எல்லாம் தெரியும். அப்புறம்தான் நான் நிம்மதியா இன்னொரு தூக்கம் போடுவேன். இப்ப சில வாரமா ஒண்ணும் தெரியல. செத்துக்கித்துப் போயிட்டானான்னு எழுந்து எழுந்து வந்து பாக்கறேன். அவசரமா எழுந்தா எனக்குத் தலை இன்னும் சுத்துது."

வாசலில் நின்ற ஆர்லன், "சொல்லவேயில்லையே" என்றார்.

"எப்படிச் சொல்ல? பரவால்ல பரவால்லன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தியே."

காபிக் குடுவையை எடுக்க எழுந்தாள். அப்போதுதான் வந்தது. கண்கள் நிலைகுத்தின, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. டானா பாய்ந்தாள். ஆர்லன் மகளின் தோளைப் பிடித்து, "இரு" என்றார். லவானின் இடது கை அடுப்படி மேடையைப் பிடித்தது. வலது கை குளிர்பெட்டியின் பிடியைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, குடுவையை எடுத்து, எல்லோருக்கும் காபி ஊற்றினாள்.

டானா காபியைக் குடித்து முடித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த அபார்ட்மெண்ட்காரங்ககிட்ட வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்" என்றாள். "அப்பா, அந்தக் கைப்பிடிய மட்டும் இன்னிக்கே மாட்டிடுங்க." லவான் மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டெல்பர்ட் இன்னொரு பன் எடுத்தார்.

முக்காலி இப்போது என்னிடம் இருக்கிறது. மேலே கற்றாழைத் தொட்டி வைத்திருக்கிறேன். ஆர்லன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரசமட்டத்தை எடுத்துத் தொட்டிமேல் வைத்துப் பார்க்கிறார். மற்றவர் வீட்டுக்கு அடியில் பூட்ஸ் வழக்கம்போல நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

சென்ற வாரம் காலையில் பால் தீர்ந்துபோய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். புதுக் கைப்பிடி. லவான் எழுந்திருக்கவில்லை. ஆர்லன் எனக்குப் பால் குடுவையை மேஜையில் வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, லவான் படுத்திருந்த மூக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி, பூட்ஸ் குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பால் குடுவை குலுங்கியது.