சாம்பசிவ ராவின் நாற்காலிக்கு ஆள் தேவை

சாம்பசிவ ராவை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நல்லவனாம்! பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். டாலஸில் அவனோடு ஒரே காரில் ஆபீஸ் போய்வந்தவன் நான். அவனுக்குக் குண்டூர், எனக்குத் தெனாலி.

கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. முடி கொட்டிவிட்டது, வரிசை நகரவில்லை. ஆனாலும் வரிசையில் இடம் பிடித்தவனுக்கு விசாவை நீட்டித்துக்கொண்டே போவார்கள். சாம்பாவுக்கு அந்த இடமே இல்லை. முந்தைய கம்பெனி இதோ அதோ என்று இழுத்தடித்துக் கடைசியில் கையை விரித்துவிட்டது. விசாவின் ஆறு வருடம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதுக் கம்பெனி அவனுக்காகக் கிரீன் கார்டு மனுப் போடச் சம்மதித்தபோது ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் இருந்தது.

அதற்கு ஒரு சடங்கு உண்டு. அவன் பார்க்கும் வேலைக்கே ஆள் தேவை என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். தகுதியுள்ள அமெரிக்கக் குடிமக்கள் யாரும் வரவில்லை என்றால்தான் அவன் மனு மேலே போகும். கம்ப்யூட்டர் வேலையை யார் பேப்பரில் தேடுகிறார்கள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

பக்கத்து வீட்டு வசுந்தரா அக்கா பார்த்துவிட்டார். மளிகைத் தள்ளுபடிக் கூப்பனுக்காகப் பேப்பர் வாங்குகிறவர். குடியுரிமை வாங்கி வருடங்கள் ஆயிற்று. கணவர் இல்லை, மகன் காலேஜில், வேலை போய் எட்டு மாதம். சாம்பாவுக்கு மகள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு செய்து போட்டதும் அவர்தான்.

பேப்பரும் கையுமாக அவர் வந்தபோது நானும் சாம்பா வீட்டில் இருந்தேன்.

“டேய் சாம்பா, இது உங்க ஆபீஸ்தானே? அப்படியே நான் பார்த்த வேலைடா! போட்டுப் பாக்கட்டுமா?”

அவன் மனைவி ஹைமாவதி அடுப்படியிலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். ‘இது என் இடம் அக்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்.

“போடுங்க அக்கா. இன்னிக்கே போடுங்க.”

மறுநாள் காரில் கத்தினேன். “உனக்கு மூளை இருக்காடா?”

“பசின்னு வந்தவங்ககிட்ட இலை இல்லைன்னு எப்படிடா சொல்றது?”

“அது உன் இலைடா, மடையா!”

அக்காவைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். தகுதியான ஆள் இருப்பது தெரிந்ததும் சாம்பாவின் மனுவைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அவன் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் விசா முடியும்வரை வேலைக்கு வந்தான். அடுத்து வரும் அக்கா தடுமாறக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்தான்.

கிளம்புகிற நாளில் புளிஹோராவும் கோங்குரா பச்சடியும் கட்டிக்கொண்டு அக்கா வந்தார். ஹைமாவதி முகம் கொடுக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். அக்கா அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“பாவி! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?”

“விடுங்க அக்கா. நான் போனா அந்த எடம் உங்களுக்குத்தானே.”

“எந்த எடம்? தகுதி இருக்கு, ஆனா புதுசா ஆள் எடுக்கலைன்னு பேட்டி முடிஞ்ச மூணாம் நாளே சொல்லிட்டாங்கடா. வெக்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லலை.”

ஹைமாவதிதான் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் கிழியப் பேசுகிற நான் வாசலுக்குப் போய் நின்று அழுதேன்.