ஸ்பேனியல் காதில் நல்லெண்ணெய்

தீபாவளியன்று என் கணவர் எங்கள் காக்கர் ஸ்பேனியல் நாய்க்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். கிள்ளான் முழுக்கத் தேடினாலும் இப்படி ஓர் அறிவாளி கிடைக்கமாட்டார். தலையில் வைத்ததோடு விட்டாரா? மகளுக்குச் செய்வதுபோல, சூடாக்கிய நல்லெண்ணெயை அதன் இரண்டு காதிலும் ஊற்றியிருக்கிறார். அடுப்படியில் இருந்த எனக்கு அது தெரியாது.

அந்த நாய்க்குக் காது இரண்டும் தொங்கி மூடிக் கிடக்கும், காற்றே போகாது. நம் மலேசியப் புழுக்கத்தில் குளித்த ஈரத்தைக்கூட உடனே துடைத்துவிட வேண்டும். குணமோ தங்கம். கேட்டுக்கு வெளியே யார் நின்றாலும் வாலாட்டும். அப்படிப்பட்டது, தீபாவளி முடிந்த அதே வாரம், கழுத்தைக் கட்டிக்கொண்ட மகளின் கையைக் கவ்விவிட்டது. லேசான கீறல்தான்.

மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து வீடு வந்தேன். நாயைக் காணோம். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஜெஞ்சாரோம்ல கூட்டாளி தோட்டத்துல விட்டுட்டேன். கடிக்கிற நாய வீட்ல வச்சிக்க முடியுமா?" என்றார் இவர், டிவியைப் பார்த்துக்கொண்டே.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "பழைய சோபாவ தூக்கிப் போட்ட மாதிரி போட்டுட்டு வந்திருக்கீங்களே, மனுஷனா நீங்க? கார எடுங்க!"

போகிற வழியெல்லாம் திட்டினேன். நாய் செம்பனை மரத்தடியில் கட்டப்பட்டுக் கிடந்தது. தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து முனகியது. கிட்டப் போனாலே காது நாறியது. அங்கிருந்து நேரே கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டரம்மா காதைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, எண்ணெய் ஊத்துனீங்களா?"

"பிள்ளைங்களுக்கு ஊத்துற மாதிரி... கொஞ்சமா..."

"உள்ள சீழ் வச்சிருச்சு. தொட்டாலே உயிர் போற வலி. அதான் கடிச்சிருக்கு."

இவர் கையிலிருந்த நாய்ச் சங்கிலியை முறுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் மட்டும் இல்லையென்றால் அங்கேயே கத்தியிருப்பேன்.

காதைக் கழுவ யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நான் கை நீட்டினேன். அந்தப் பைத்தியக்கார நாய் என்னைத் தாண்டிப் போய், நடுங்கிக்கொண்டே இவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இவர் கண் கலங்கி என்னைப் பார்த்தார். எனக்கு இரக்கமே வரவில்லை.

"கெட்டியா பிடிச்சிக்குங்க," என்றேன். "இந்தத் தடவையாச்சும் விட்டுட்டுப் போயிடாதீங்க."