ஃபார்மட் செய்ய மாட்டேன் என்றேன்

போன வருஷம், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், அப்புத்தளை டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பொம்பளைப் பிள்ளை வீடியோ எடுக்கிறதா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள்தான் இப்போது என்னிடம் தேதி கேட்டு வருகிறார்கள்.

ஒரு காலையில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா வந்தார். கொழுந்து எடுப்பவர். அதற்கு முந்தைய மழையில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் மேல் மண் சரிந்துவிட்டது. ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பியது, வீடுகள் போய்விட்டன. வீடு இழந்தவர்களுக்கு வேறு இடத்தில் புது வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் இல்லை. அவர்கள் இருந்தது லயத்துக் கடைசிக் காம்பரா அறையை ஒட்டித் தாங்களே கட்டிக்கொண்ட வீடு. அப்படி ஒரு வீடே அங்கே இருக்கவில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டாராம்.

"மண்ணு வீட்டத்தான் கொண்டுபோச்சு தங்கச்சி. இவரு வாயால நாங்க இருந்ததே இல்லன்னு ஆயிருச்சு" என்றார் அக்கா. "மக சடங்கு வீடியோ உங்ககிட்ட இருக்கும்ல? ஐயாவுக்கு எங்க வாசல்ல வச்சுத்தான மாலை போட்டோம்."

தோட்டத்து வழக்கம் அது. விசேஷம் என்றால் கணக்கப்பிள்ளை ஐயாவை அழைத்து, வாசலில் நிறுத்தி மாலை போட்டு, முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். அதை நான் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். தாய்மாமன் சீர் தவறினால்கூட மன்னிப்பார்கள், ஐயா மாலை தவறினால் மன்னிக்க மாட்டார்கள். எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். நம் வீட்டு விசேஷத்தில் இவருக்கு என்ன மாலை என்று முனகிக்கொண்டேதான் எப்போதும் எடுப்பேன். அக்கா வீட்டிலிருந்த பிரதி மண்ணோடு போய்விட்டதால் மிச்சம் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

நாளைக்கே தருகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வீடியோ பாதியில் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது.

என் சேமிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு வேறு அளவில் கிடைத்த நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போல வைத்திருந்தேன். அப்படிச் சேர்க்க நான் போட்டிருந்த ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை, இன்னும் சோதனை நிலையில் இருப்பது. ஒரு வீடியோ நான்கு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கும். இடம் போதாமல் பழைய வீடியோக்களை ஒரே பிரதியாக வைத்திருந்தேன். நான்கில் ஒரு டிஸ்க் இப்போது பிழை காட்டியது. அதை அப்படியே பிடுங்கினால் எல்லாம் போச்சு. அதில் இருப்பதையெல்லாம் மற்ற மூன்றுக்கும் நகர்த்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நகர்த்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். கொஞ்ச தூரம் போனது, பிறகு அந்த டிஸ்க்கையே காணவில்லை என்றது. நிறுத்தித் திரும்பத் தொடங்கினாலும் அதே கதை.

பண்டாரவளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், நானா என்றுதான் கூப்பிடுவேன், டிஸ்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், ஆனால் திரையைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்.

"தங்கச்சி, இந்த மாதிரி சோதனைச் சாமான் எல்லாம் நமக்கு எதுக்கு? ஃபார்மட் பண்ணிட்டு எல்லாரும் போடுறதப் போடுங்க."

"ஃபார்மட் பண்ண மாட்டேன் நானா."

"பின்ன என்ன செய்யப் போறீங்க?"

"தெரியாது. அத மட்டும் பண்ண மாட்டேன்."

இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். சோதனை நிலையில் இருப்பதில் முக்கியமானதை வைத்தது உன் தவறு என்று ஆளாளுக்குப் பாடம் நடத்தினார்கள். சரி, தவறுதான். இப்போது எடுப்பது எப்படி என்று கேட்டதற்குத்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அதைச் சொல்லாதவர்கள் யார்? அக்காவிடமும் அதைத்தானே சொல்லியிருக்கிறார்கள். பிடிவாதம் ஏறிவிட்டது. சாப்பாட்டைக்கூடத் திரைக்கு முன்னால் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஆறுதல், இந்த ஃபைல் சிஸ்டம் நகர்த்திய வரை நகர்த்தியதுதான், பழையபடி முதலிலிருந்து தொடங்காது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் கரண்ட் போய்விட்டது. எங்கோ மரம் விழுந்திருந்தது. பாதி வேலையில் நின்றுவிட்டதே, இதோடு டிஸ்க்கின் கதை முடிந்தது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மதியம் கரண்ட் வந்ததும் பயந்து பயந்து தொடங்கினேன். ஆச்சரியம், அதற்கு முன் போகாத தூரம் போனது. அப்புறம்தான் நின்றது.

காலை முழுக்க அந்த டிஸ்க்குக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு எப்படித் தேறியது? யோசித்துக்கொண்டே டிஸ்க் பெட்டி இருந்த அலுமாரியைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புத்தளையில் கேமரா வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். இந்தப் பனிமூட்டத்தில் லென்ஸ் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, அலுமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். லென்ஸுக்கு நல்லது டிஸ்க்குக்கும் நல்லது என்று டிஸ்க் பெட்டியையும் நான் அதற்குள்ளேயே வைத்திருந்தேன், பல்புக்குப் பக்கத்தில். வேலை செய்யச் செய்யத் தானே சூடாகிற சாமானை, இன்னும் சூடேற்றி அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கரண்ட் போன அன்று பல்பும் அணைந்தது, டிஸ்க்கும் ஆறியது. எல்லோரும் சேர்ந்து ஃபைல் சிஸ்டத்தைத் திட்டினார்கள், பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

பெட்டியை ஜன்னலோரம் கொண்டுவந்து மூடியைக் கழற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். இத்தனை வருஷமும் எந்தக் குளிரை உள்ளே விடாமல் விரட்டினேனோ, அதை வா வா என்று கூப்பிட்டேன். வீடியோ என்ன ஆனது என்று கேட்க வந்த அக்கா, குளிரில் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துருமா தங்கச்சி?"

"வரலன்னா விடப் போறதில்லக்கா."

திரையில் எண் ஊர்ந்தது. ஒரு தடவை டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. கடைசித் துண்டும் நகர்ந்து முடிந்ததும், கழற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்டது. டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீடியோவைப் போட்டோம். முதல் காட்சியில் வாசலைப் பார்த்ததுமே அக்கா அழுதுவிட்டார்.

வீட்டு விஷயமாக வெளியிலிருந்து அதிகாரி ஒருவர் தோட்டத்து ஆபீசுக்கு வருகிற நாள் பார்த்து, அக்காவோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளையும் இருந்தார். வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்திலிருந்து ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அது வேறு ஏதோ இடம் என்று தொடங்கினார் கணக்கப்பிள்ளை. நான் வீடியோவை ஓடவிட்டேன். திரையில் அவர் அக்கா வீட்டு வாசலில் நின்று மாலை வாங்கிக்கொள்கிறார். பின்னால் புதுத் தகரக் கூரை. பிறகு, நானே மறந்து போயிருந்த ஒன்று. கணக்கப்பிள்ளை அக்காவின் புருஷன் தோளில் தட்டி, தன் குரலிலேயே கேட்கிறார்: "என்னப்பா, ஒட்டு வீடுன்னு சொன்ன, காம்பராவ விடப் பெருசா கட்டிட்டியே?"

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை என்னிடம், "சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க" என்றார்.

"கூட்டுங்க தங்கச்சி" என்றார் அக்கா. "வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

கூட்டினேன்.

அக்காவின் புது வீட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று. என் அலுமாரியில் லென்ஸ் மட்டும் இருக்கிறது, டிஸ்க்குகள் ஜன்னலோரம் குளிர்காற்று வாங்குகின்றன, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் ஐயாமார் மாலைக்குக் கழுத்தை நீட்டும்போது நான் முனகுவதில்லை, முதல் ஆளாக ஓடிப்போய், அவருக்குப் பின்னால் இருக்கிற வாசலும் கூரையும் முழுசாகத் தெரிகிற மாதிரி நின்று எடுக்கிறேன்.