ஸ்வர்ணலதாவின் தப்பு நோட்டு

2004இல் ஆரணிப் பட்டு வியாபாரி வேணுகோபால் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். யாருடைய புரோகிராமில் தப்பு இருக்கிறதோ, அவன் பெயரோடு அந்தத் தப்பு ஒரு நோட்டில் ஏறும். அவனுக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. தரம் அப்படித்தான் வளருமாம்!

தப்பைக் கண்டுபிடித்து எழுதுவது, அவருக்குப் புடவை நெய்யும் தறிக்காரரின் மகள் ஸ்வர்ணலதாவின் வேலை.

"அக்கா, எழுதாதீங்க. வாயால சொல்லுங்க, ஜல்தியா சரி பண்ணிடறோம்" என்று புரோகிராம் எழுதும் பையன்கள் நான்கு பேரும் கெஞ்சினார்கள். அவளும் பாவம் பார்த்தாள்.

மாதக் கடைசியில் நோட்டு வெள்ளையாக இருந்தது. வேணுகோபாலுக்கு ஒரே பூரிப்பு.

"தப்பே இல்லியே! அப்ப உனக்கு இங்க இன்னாம்மா வேலை?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மாதம் வாயால் சொன்ன நாற்பத்து மூன்று தப்புகளையும் நின்ற இடத்திலேயே எழுதி நீட்டினாள். பையன்கள் போகப்போகும் சனிக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

"எங்கப்பா புடவை எடுத்தாந்தா மடிப்பு மடிப்பா பிரிச்சுப் பார்க்கறீங்க. புரோகிராமுக்கு மட்டும் நோட்டைப் பார்த்தா போதுமா சார்?"