வாசனையில்லாத பால்

பால் சேகரிப்பு நிலையத்தில் அவளை மூக்கி என்றால்தான் தெரியும். கேன் மூடியைத் திறந்து ஒரு தடவை மூச்சிழுத்தால் போதும். "அண்ணே, உங்க மாடு நேத்து பூண்டுத் தழையை மேஞ்சிருக்கு," என்பாள். "அது என்ன கனவு கண்டதுன்னும் சொல்லிடுவே போல," என்று சிரித்துக்கொண்டே கேனைத் திரும்ப எடுத்துப் போவார்கள்.

அந்த வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையம் தீப்பிடித்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றது வானொலி. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. புல் தளதளவென்று எழும்ப, மாடுகள் வயிறு முட்ட மேய்ந்தன. இருப்பதிலேயே நல்ல பாலாகப் பார்த்து, மூக்கி தினமும் தன் நாலு வயது மகளுக்கு ஒரு செம்பு கொண்டுபோனாள்.

ஆறாம் நாள் ஒரு அதிகாரி வந்து பாட்டிலில் பால் பிடித்துப் போனார். ஒன்பதாம் நாள் காகிதத்தோடு திரும்பினார்.

"எல்லாத்தையும் குழியில கொட்டுங்க."

மூக்கி குனிந்து முகர்ந்தாள். "சார், அருமையான பால்."

"அந்த அணு விஷத்துக்கு வாசனை கிடையாதும்மா. மழையில இறங்கி, புல்லுல ஒட்டி, பாலுக்கு வந்திருக்கு. குழந்தைங்க குடிச்சா கழுத்துச் சுரப்பியில போய்த் தங்கிடும்."

"எப்போலேர்ந்து?"

"மழை பெஞ்ச நாள்லேர்ந்து."

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள். புருஷன் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வேணாம்னு ஒரே அழுகை. நீ திட்டுவியேன்னு மிரட்டிக் குடிக்க வெச்சேன்," என்றான்.

"அது கழுத்துல தங்காம தடுக்கிற அயோடின் மாத்திரையை முதல் நாளே குடுத்திருக்கணும்," என்றார் டாக்டர். "வருஷா வருஷம் கழுத்தைக் காட்டுங்க."

மூக்கி பால் பார்க்கும் வேலையை விட்டு, கேன் கழுவும் வேலைக்குப் போனாள். தினமும் தலைவாரிவிடும்போது அவள் விரல்கள் மகளின் தொண்டைக்கு இறங்கும். "கூசுதும்மா," என்று நெளிவாள் அவள். ஏழு வருஷம் ஒன்றுமில்லை. எட்டாம் வருஷம் ஒரு காலை, பட்டாணி அளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. மூக்கி இரண்டு பின்னலையும் போட்டு முடித்தாள். பிறகுதான் புருஷனிடம், "வண்டியை எடுங்க," என்றாள்.

கட்டியோடு கழுத்துச் சுரப்பியையும் எடுத்தார்கள். பெண் பிழைத்தாள், ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை.

அந்த வார்டில் அவள் வயதுப் பிள்ளைகள் இன்னும் பதினோரு பேர், கழுத்தில் கட்டோடு படுத்திருந்தார்கள். எதிர்க் கட்டிலருகே நின்ற பால்காரர் மனைவி மூக்கியை அடையாளம் கண்டுகொண்டு வந்தாள்.

"அக்கா, வீட்டுல சின்னவன் இருக்கான். அந்த மழை பெஞ்சப்போ அவன் பால் குடிக்கிற கைக்குழந்தை. அவனையும் கூட்டிட்டு வரணுமா?"

 மூக்கி ஆமாம் என்று தலையசைத்தாள்.